ப்ராஜெக்ட் எல்லாம் இழுத்துக்கொண்டே போனால் யாரைக் கூப்பிடுவது: பெரிய கன்சல்டிங் நிறுவனமா, தனி ஆலோசகரா, சொந்த ஆளா?

எடுத்த ப்ராஜெக்ட் எதுவும் சொன்ன தேதிக்கு முடியவில்லை, பட்ஜெட் ஒவ்வொரு முறையும் கைமீறிப் போகிறது, வாடிக்கையாளர் போன் வந்தாலே எடுக்கத் தயக்கமாக இருக்கிறது என்ற நிலை வந்துவிட்டால், நிர்வாகக் கூட்டத்தில் யாராவது ஒருவர் "வெளியிலிருந்து ஒரு கன்சல்டன்டைக் கொண்டு வரலாமே" என்பார். இன்னொருவர் "அவர் வந்து நமக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்லிவிட்டு பில் போடுவார்" என்பார். மூன்றாமவர், நல்ல சாஃப்ட்வேர் ஒன்று வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பார். நான்காமவர், இருக்கிற ஆட்களை இரண்டு வாரப் பயிற்சிக்கு அனுப்பினாலே போதும் என்பார். நால்வர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு, மூன்றாமவர் சொல்வதில் மட்டும் ரொம்பக் கொஞ்சம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்க்கலாம். பெரும்பாலான நடுத்தர நிறுவனங்களுக்கு, அனுபவமுள்ள ஒரு வெளியாளைக் குறுகிய காலத்துக்குக் கொண்டுவந்து, அவர் கூடவே உள்ளேயிருந்து ஒருவரைப் பாதி நேரமாவது விடுவித்து உட்கார வைப்பதுதான் கொடுத்த காசுக்குப் பலன் தரும் வழி. பெரிய நிறுவனங்களைக் கூப்பிட வேண்டிய சூழல்களும் இருக்கின்றன, ஆனால் நினைப்பதைவிடக் குறைவு. எதைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, வந்தவர் சொல்வதை நடத்திக்காட்டும் அதிகாரம் உள்ளே யார் கையில் இருக்கிறது என்பது தெளிவாகாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

முதலில் நோய் எது என்று பார்க்கணும். ப்ராஜெக்ட் இழுப்பதற்குப் பொதுவாக மூன்று வகைக் காரணம் சொல்லலாம். எப்படி நடத்துவது என்றே தெரியாமல் இருப்பது ஒன்று: வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கத் தெரியாது, எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்ற கணக்கு கிடையாது, தேதி என்பது தலைவர் வாயிலிருந்து வந்த தேதி. இரண்டாவது, எல்லாம் தெரியும், செய்ய ஆள் இல்லை. மூன்றாவது, தெரியும், ஆளும் இருக்கிறது, ஆனால் தாமதமாகிறது என்று மேலே போய்ச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. முதல் வகைக்குப் பயிற்சியே பெரும்பாலும் போதும். மூன்றாவதற்கு வெளியாள் வேண்டும். நடுவில் இருக்கிறதே, அதுதான் எல்லோரையும் ஏமாற்றுவது, ஏனென்றால் அது பார்ப்பதற்கு முதல் வகை மாதிரியே இருக்கும்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு எக்செல் ஷீட் போதும். நடந்துகொண்டிருக்கும் ப்ராஜெக்ட்களை மேலிருந்து கீழாக எழுதுங்கள், ஆட்களின் பெயரைப் பக்கவாட்டில் எழுதுங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஆளின் நேரத்தில் எத்தனை சதவீதம் தனக்குக் கிடைக்கும் என்று அந்தந்த ப்ராஜெக்ட் மேனேஜர் நம்பிக்கொண்டிருக்கிறார் என்பதைக் கேட்டு நிரப்புங்கள். ஒருவரோடு ஒருவர் பேசவிடாமல் தனித்தனியாகக் கேட்கணும். டேட்டாபேஸ் தெரிந்த அந்த ஒரே ஆளின் பெயருக்குக் கீழே 50, 50, 40, 30 என்று வரும். கூட்டினால் 170. நான்கு மேனேஜர்களும் தனித்தனியாக அவரிடம் "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சிடும்ல?" என்று கேட்டிருப்பார்கள், அவரும் நால்வரிடமும் "பார்க்கிறேன் சார்" என்று சொல்லியிருப்பார், நால்வரும் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு அவரவர் அட்டவணையில் பச்சை வண்ணம் அடித்திருப்பார்கள்.

இதற்குப் பின்னால் ஜான் லிட்டில் என்ற ஆய்வாளர் 1961-ல் நிரூபித்த ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு வேலை தொடங்கி முடிய ஆகும் சராசரிக் காலம் என்பது, கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை அவை முடியும் வேகத்தால் வகுத்தால் வருவது. ஒரே சமயத்தில் 12 ப்ராஜெக்ட் ஓடுகிறது, ஆண்டுக்கு ஆறுதான் முடிகிறது என்றால் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக இரண்டு ஆண்டு. வேகம் ஒரு துளிகூடக் கூடாவிட்டாலும், கையில் இருப்பதை ஆறாகக் குறைத்துவிட்டால் சராசரி ஓர் ஆண்டு. ஆக இந்த நோய்க்கு மருந்து ஆறு ப்ராஜெக்ட்டை நிறுத்தி வைப்பதுதான். அதைப் பயிற்சி வகுப்பு செய்யாது, சாஃப்ட்வேரும் செய்யாது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆளால் வாய் திறந்து சொல்லக்கூட முடியாது. ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்குப் பின்னாலும் ஒரு இயக்குநரின் மானம் இருக்கிறது. வெளியிலிருந்து வந்தவர் சொல்லலாம், அவருக்கு அடுத்த ஆண்டு இன்க்ரிமென்ட் கவலை இல்லை.

சரி, இப்போது ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

சாஃப்ட்வேரில் அதிக நேரம் செலவிட வேண்டாம். ஒழுங்காக நடக்கும் வேலையை அது இன்னும் சுலபமாக்கும். ஒழுங்கில்லாத இடத்தில், அந்த ஒழுங்கின்மை அழகான டேஷ்போர்டில் தெரியும், அவ்வளவுதான். வாரத்துக்கு ஒருமுறை எக்செலை அப்டேட் செய்யாதவர், மாதச் சந்தா கட்டும் கருவியை மட்டும் அப்டேட் செய்வார் என்று எதை வைத்து நம்புவது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. வாங்குங்கள், ஆனால் கடைசியில்.

பயிற்சியும் சான்றிதழும் அடுத்தது. திட்ட மேலாண்மைக்கான பி.எம்.ஐ. என்ற அமைப்பு 1969-ல் தொடங்கியது, ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கான அதன் பி.எம்.பி. சான்றிதழ் 1984-லிருந்து இருக்கிறது. பிரிட்டன் அரசுத் துறை உருவாக்கிய பிரின்ஸ்2 என்ற திட்ட மேலாண்மை முறை 1996-ல் வந்தது. 2001-ல் பதினேழு பேர் கூடி, மென்பொருளைச் சிறு சிறு கட்டங்களாகச் செய்து முடிக்கச் சொல்லும் அஜைல் அறிக்கையை எழுதினார்கள். அஜைல் வழிகளில் ஒன்றான ஸ்க்ரமுக்கான வழிகாட்டியின் 2020 பதிப்பு வெறும் 13 பக்கம், இலவசம், யார் வேண்டுமானாலும் ஒரு மதிய இடைவேளையில் படித்துவிடலாம். அறிவுக்குப் பஞ்சமில்லை என்பதற்காகத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். பயிற்சியால் கிடைக்கும் பெரிய நன்மை, எல்லோரும் ஒரே சொற்களில் பேச ஆரம்பிப்பது. "முடிந்தது" என்றால் எழுதி முடித்ததா, சோதித்து முடித்ததா, வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டதா என்ற சண்டை குறையும். ஆனால் பயிற்சி முடித்தவர் திங்கள்கிழமை திரும்பி வருவது அதே மேஜைக்கு, அதே கூட்டத்துக்கு, அதே "இது சின்ன மாற்றம்தானே, பண்ணிடுங்க" என்று மெயில் போடும் அதே விற்பனைப் பிரிவுத் தலைவருக்கு. சூழலை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லையென்றால் மூன்று மாதத்தில் பழைய பழக்கம் திரும்பிவிடும், சான்றிதழ் லிங்க்ட்இன்னில் மட்டும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு அவர் வேறு வேலைக்குப் போவதும் உண்டு, அதில் அவர் தப்பு ஒன்றுமில்லை.

சொந்தமாக ஒரு திட்ட மேலாண்மைத் தலைவரை எடுப்பது, அல்லது பி.எம்.ஓ. (திட்ட மேலாண்மை அலுவலகம்) என்று தனிப் பிரிவே தொடங்குவது, நீண்ட காலத்துக்குச் சரியான வழி. ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து பெரிய ப்ராஜெக்ட்கள் வரப்போகின்றன என்றால் எப்படியும் இங்கேதான் வந்து சேர வேண்டும். சிக்கல் ஆரம்பத்தில்தான். நல்ல ஆள் கிடைக்க மாதங்கள் ஆகும், அவர் யார் யாருடன் பேசுவதில்லை என்பதையெல்லாம் புரிந்துகொள்ள இன்னும் சில மாதங்கள். அதற்குள் அவரும் நிறுவனத்துக்குப் பழகிப்போய், முதல் மாதத்தில் கண்ணில் குத்திய விஷயங்கள் நான்காம் மாதத்தில் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். பி.எம்.ஓ.வுக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. ப்ராஜெக்ட்டுக்கு உதவத் தொடங்கிய பிரிவு மெல்ல மெல்ல ரிப்போர்ட் வசூலிக்கும் பிரிவாகிவிடும். வெள்ளிக்கிழமை மதியம் நான்கு மணிக்கு "டெம்ப்ளேட்டின் ஏழாம் பத்தியை நிரப்பவில்லை" என்று நினைவூட்டல் மெயில் வர ஆரம்பித்துவிட்டால், அந்த ஏழாம் பத்தியை யாராவது படிக்கிறார்களா என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

இனி கன்சல்டிங். இவர்கள் எல்லாம் வெறும் பவர்பாயின்ட் ஆட்கள் என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: இந்தத் துறையின் அடிப்படைக் கருவிகள் பலவற்றில் ஆலோசகர்களின் கை இருக்கிறது. எந்த வேலை எப்போது தொடங்கி எப்போது முடியும் என்று பட்டைகளால் காட்டும், இன்றும் எல்லோர் சுவரிலும் தொங்கும் கான்ட் வரைபடத்துக்குப் பெயர் தந்த ஹென்றி கான்ட் ஒரு ஆலோசனைப் பொறியாளர். அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958 வாக்கில் உருவான, வேலைகளின் வரிசையையும் காலத்தையும் கணக்கிடும் பெர்ட் முறையில், கடற்படை அலுவலகத்தோடும் லாக்ஹீட் என்ற ஏவுகணைத் தயாரிப்பு நிறுவனத்தோடும் சேர்ந்து வேலை செய்தது பூஸ் ஆலன் ஹாமில்டன் என்ற கன்சல்டிங் நிறுவனம். ஆலோசகர்களால் பயன் உண்டா என்பது தீர்ந்துபோன கேள்வி. எந்த உருவில், யார் அதிகாரத்தின் கீழ் அவர்கள் வருகிறார்கள் என்பதுதான் மிச்சமிருப்பது. அதற்கு, மக்கள் மருத்துவக் காப்பீடு வாங்க அமெரிக்க அரசு நடத்தும் ஹெல்த்கேர்.கவ் இணையதளத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அந்த ஒரே கதையில் இரண்டு வகை வெளியாட்களும் வருகிறார்கள்.

அந்தத் தளம் 2013 அக்டோபர் 1-ல் திறக்கப்பட்டது, திறந்த கையோடு படுத்துவிட்டது. ஆனால் அதே ஆண்டு வசந்த காலத்திலேயே மெக்கின்ஸி என்ற பெரிய கன்சல்டிங் நிறுவனம் ஆய்வு செய்து அரசிடம் சொல்லியிருந்தது: தேவைகள் இன்னும் மாறிக்கொண்டே இருக்கின்றன, முழுதாகச் சோதிக்க நேரம் போதாது, சிறிதாகத் தொடங்காமல் முதல் நாளே முழு அளவில் திறக்கப் போகிறீர்கள், வெற்றி என்றால் என்ன என்பதிலேயே ஆளுக்கொரு கருத்து இருக்கிறது, முடிவெடுக்கும் அதிகாரத்தை ஒரே இடத்தில் வையுங்கள். கிட்டத்தட்ட எல்லாமே அப்படியே நடந்தது. ரிப்போர்ட் சரியாக இருந்தது, அதற்கு வேண்டிய அளவு கையும் காலும் கிடைக்கவில்லை.

தளம் விழுந்த பிறகு வேறு வகை வெளியாட்கள் வந்தார்கள். மேற்பார்வைக்கு அரசு நியமித்த ஜெஃப் ஜைன்ட்ஸ், அவருக்குக் கீழே தொழில்நுட்பக் கம்பெனிகளில் வேலை பார்த்த ஒரு சிறு குழு, பல ஒப்பந்ததாரர்களை ஒருங்கிணைக்க ஒரே ஒரு நிறுவனம். தினமும் கூட்டம் நடந்தது. கூட்டத்தில் பதவியில் உயர்ந்தவரைவிட விஷயம் தெரிந்தவரே பேசணும் என்று ஒரு விதி, யார் மேல் தப்பு என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை என்று இன்னொரு விதி. டிசம்பர் தொடக்கத்தில் பெரும்பாலானவர்களுக்குத் தளம் வேலை செய்தது. பிந்தையவர்கள் முந்தையவர்களைவிட அறிவாளிகள் என்று சொல்ல வரவில்லை. இவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், பின்னால் அதிகாரமும் இருந்தது. தளம் விழுந்து ஊரே சிரித்த பிறகு அதிகாரம் கொடுப்பது சுலபம் என்பதும் உண்மைதான்.

இது ஒரு தடவை நடந்த விபத்தா என்றால், அமெரிக்காவின் டென்வர் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளைத் தானாகக் கொண்டுசேர்க்கப் போட்ட அமைப்பைப் பாருங்கள். 1990-லேயே ஓர் ஆலோசனை நிறுவனம் இது அளவுக்கு மீறிய சிக்கல் என்று எச்சரித்தது. திட்டம் தொடர்ந்தது, 1993 அக்டோபரில் திறக்க வேண்டிய விமான நிலையம் 1995 பிப்ரவரியில்தான் திறந்தது, 2005-ல் அந்த அமைப்பையே கைவிட்டார்கள்.

அதனால் பெரியதா சின்னதா என்று கேட்பதற்கு முன், ரிப்போர்ட் தருகிறவரா, கூட உட்கார்ந்து வேலை நடத்துகிறவரா என்று கேளுங்கள். இரண்டும் தேவைப்படலாம், ஆனால் முதல் வகைக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு இரண்டாம் வகைப் பலனை எதிர்பார்ப்பதுதான் வழக்கமான ஏமாற்றம்.

கூட உட்காருகிறவர் என்ன செய்வார்? நல்லவராக இருந்தால் வந்த உடனே டெம்ப்ளேட் எதையும் நீட்ட மாட்டார். கடைசியாக முடித்த பத்து ப்ராஜெக்ட்களுக்கு முதலில் சொன்ன தேதி எது, உண்மையில் முடிந்த தேதி எது என்று கேட்பார். பெரும்பாலான இடங்களில் இந்தப் பட்டியலே இருக்காது, பழைய மெயில்களைத் தோண்டித்தான் எடுக்கணும். எடுத்துப் பார்த்தால் நிறுவனத்தின் உண்மையான வழக்கம் தெரியும், உதாரணமாக ஆறு மாதம் என்று சொன்னது எப்போதும் ஒன்பது பத்து மாதத்தில்தான் முடிந்திருக்கிறது என்று. கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979-லேயே எழுதிவிட்டார்கள்: மனிதர்கள் தங்கள் திட்டத்தின் உள்விவரங்களை வைத்துக் கணிக்கும்போது அதே மாதிரி வேலைகள் முன்பு எவ்வளவு காலம் பிடித்தன என்பதை மறந்துவிடுகிறார்கள், அதனால் எப்போதும் குறைவாகவே சொல்கிறார்கள். உள்ளே இருப்பவருக்கு "இந்த முறை அப்படி ஆகாது" என்று தோன்றும், வெளியாளுக்கு அப்படித் தோன்றக் காரணமே இல்லை. புது டெண்டரில் ஆறு மாதம் என்று எழுதும்முன் அந்தப் பட்டியலை மேஜையில் வைத்தாலே பாதி மனவருத்தம் தவிரும், விற்பனைப் பிரிவு முறைக்கும், முறைக்கட்டும்.

அடுத்து ஸ்டேட்டஸ் ரிப்போர்ட். ஒன்பது வாரம் பச்சை, பத்தாவது வாரம் திடீரென்று சிவப்பு. இதைத் துறைக்குள்ளேயே தர்பூசணி என்பார்கள், வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு. ஆலோசகர் இதற்குப் புதுப் படிவம் தரத் தேவையில்லை. "எத்தனை சதவீதம் முடிந்தது" என்ற கேள்வியை எடுத்துவிட்டு "போன வாரம் முடிப்பதாகச் சொன்ன எது எது முடிந்தது, காட்டுங்கள்" என்று கேட்க வைத்தால் போதும். 90 சதவீதத்தில் மாதக்கணக்காக நிற்கும் வேலைகள் இந்தக் கேள்விக்கு முன் நிற்காது. முதல் சிவப்பு வரும்போது தலைவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதில்தான் மீதி எல்லாம் இருக்கிறது. அன்று அவர் கத்திவிட்டால் அதற்குப் பிறகு ஆண்டு முழுவதும் பச்சைதான் வரும். இதை அவருக்கு முன்கூட்டியே தனியாகச் சொல்லி வைப்பதும் ஆலோசகரின் வேலைதான், உள்ளே இருக்கும் யாராலும் சொல்ல முடியாதது.

பெரிய நிறுவனமா, தனி ஆளா? பெரிய நிறுவனத்திடம் ஆள் பலம் உண்டு, பல துறைகளில் பார்த்த அனுபவம் உண்டு, அதன் பெயரைப் பார்த்தால் இயக்குநர் குழு காது கொடுக்கும். பல நாடுகளில் கிளைகள், ஒரே சமயத்தில் பத்து இடத்தில் ஒரே முறையைக் கொண்டுவரணும், அல்லது ஒழுங்குமுறை அமைப்பு ஒன்றுக்குச் சான்றோடு காட்டணும் என்றால் அவர்களைத்தான் கூப்பிடணும். மற்ற இடங்களில் தொல்லை என்னவென்றால், பேச வருபவர் இருபது ஆண்டு அனுபவசாலி, ஒப்பந்தமான பிறகு தினமும் வருவது கல்லூரி முடித்து இரண்டு ஆண்டு ஆனவர்கள். அவர்கள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் ப்ராஜெக்ட் ஒன்றை நடத்தி அடி வாங்கியவர்கள் இல்லை. முந்தைய வாடிக்கையாளருக்குச் செய்த 80 பக்க வழிமுறையில் லோகோவை மாற்றித் தரும் பழக்கமும் உண்டு. அறுபது பேர் வேலை செய்யும் இடத்துக்கு 80 பக்கம் எதற்கு?

தனி ஆலோசகரிடம் பேசியவரே வேலையும் செய்வார், நேரே பேசுவார், செலவும் பொதுவாகக் குறைவு. அவரை நம்பியே எல்லாம் இருக்கும் என்பதுதான் பலவீனம். உடம்பு சரியில்லையென்றால் வேலை நிற்கும், அவருக்குப் பிடித்த ஒரே முறையை எல்லாவற்றுக்கும் பூசப் பார்க்கலாம், ஸ்க்ரம் தெரிந்தவருக்குக் கட்டுமான வேலைகூட ஸ்க்ரம் ஆகத் தெரியும். இயக்குநர் குழு அவரை அவ்வளவாகப் பொருட்படுத்தாமலும் இருக்கலாம். அதனால் தேர்வில் தாராளமாக நேரம் செலவிடுங்கள். என்னென்ன வெற்றி கண்டீர்கள் என்று கேட்டால் எல்லோரும் நன்றாகவே பதில் சொல்வார்கள். எந்த வாடிக்கையாளரிடம் எதை நிறுத்தச் சொன்னீர்கள், அவர்கள் கேட்டார்களா, கேட்காதபோது என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். பதில் வருவதற்குள் ஓர் இடைவெளி விழும், அந்த இடைவெளிக்குப் பிறகு வருவதைக் கவனியுங்கள்.

ஒப்பந்தத்தில் "திட்ட மேலாண்மை முதிர்ச்சி உயர்த்தப்படும்" போன்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள், அதை யாராலும் நிறைவேற்றவும் முடியாது, நிறைவேற்றவில்லை என்று நிரூபிக்கவும் முடியாது. அதற்குப் பதில் "மூன்றாம் மாதக் கடைசியில் வாராந்திரக் கூட்டத்தை உங்கள் ஆளே நடத்துவார், ஆலோசகர் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்" என்று எழுதுங்கள். யார் வருவார்கள் என்று பெயரோடு எழுதுங்கள். நோயறியும் பகுதியை மட்டும் தனியாக, சில வாரத்துக்கு, நிலையான கட்டணத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அது முடிந்த பிறகு மேலே போவதா வேண்டாமா என்று இரு தரப்பும் சுதந்திரமாக முடிவெடுக்கலாம். நாள் கணக்கில் கட்டணம் என்றால் கடைசித் தேதி கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் ஆலோசகர் மெல்ல மெல்ல சம்பளப் பட்டியலில் இல்லாத ஊழியராகிவிடுவார், அதில் அவருக்கு ஆட்சேபம் இருக்கப்போவதில்லை. உள்ளேயிருந்து விடுவிக்கும் ஆளைப் பற்றியும் எழுத்தில் இருக்கட்டும். சும்மா இருப்பவரைக் கொடுக்காதீர்கள். எல்லோரும் தேடும் ஆளைக் கொடுத்தால்தான் ஆலோசகர் போன பிறகும் அவர் சொல்வதை மற்றவர்கள் கேட்பார்கள்.

இதெல்லாம் அவசரம் இல்லாத நாட்களுக்கு. இப்போதே ஒரு பெரிய ப்ராஜெக்ட் பற்றி எரிந்துகொண்டிருக்கிறது என்றால் கதை வேறு. அந்த நேரத்தில் முறைமைச் சீர்திருத்தம் பேச வருபவரை வாசலிலேயே நிறுத்துங்கள், கூடுதலாகப் பத்துப் பேரை அனுப்புகிறேன் என்பவரையும். தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று ஃபிரெட் புரூக்ஸ் என்ற கணினி விஞ்ஞானி 1975-ல் சொன்னது இன்றும் அப்படியே நிற்கிறது, புதியவருக்கு விளக்குவதிலேயே பழையவரின் நாள் போய்விடும். மீட்பு வேலை செய்து பழகிய ஒருவரை, எதை வெட்டுவது, எந்தத் தேதியைத் தள்ளுவது என்று அன்றன்றே முடிவெடுக்கும் அதிகாரத்தோடு கொண்டுவாருங்கள், அந்த முடிவுகளை யாரும் பின்கதவு வழியாகத் தலைவரிடம் போய் மாற்ற முடியாது என்பதைத் தலைவர் வாயாலேயே எல்லோர் முன்பும் சொல்ல வையுங்கள். தலைவர் அதற்குத் தயாராக இல்லையென்றால், அந்த ஆலோசகரின் கட்டணத்தை வாடிக்கையாளருக்குத் தர வேண்டிய அபராதத்துக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம்.